மலைநாட்டைக் கண்ட வில்லைகள்

இலங்கையின் மத்திய மலைநாட்டைக் கண்ணாற் காணாதவரும் அதன் தோற்றத்தை அறிவர். தேயிலைப் பெட்டிகளின் மேலும் நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் ஏறி, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்நாடு உலகெங்கும் சென்று வந்திருக்கிறது. அப்படங்களை ஓரிடத்திற் பரப்பி வைத்து நோக்கினால், அவை பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடங்குவதைக் காணலாம். ஒரு வகையில் மலை முழுவதும் தெரியும். அங்கே உழைக்கும் மனிதர் எள்ளளவு புள்ளிகளாய் நிற்பர். மற்றொரு வகையில் கூடை சுமந்த பெண்ணொருத்தியின் முகம் தெரியும்; அவள் ஏறி இறங்கும் மலை தெரியாது. மனிதரும் மலையும் ஒருங்கே, ஒன்றுக்கொன்று உரிய அளவில் அமைந்த படங்கள் அரியன. படம் பிடித்தவரின் மனப்போக்கும் வாங்கியவரின் விருப்பமும் இதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் அவர்கள் கைக்கொண்ட கண்ணாடி வில்லைக்கும் இதிற் பெரும் பங்குண்டு. அட்டனிலும் நுவரெலியாவிலும் முக்காலியை ஊன்றியவர்கள் எந்த வில்லையைத் தெரிந்தனர், அத்தெரிவினால் எதனைக் கண்டனர், எதனைக் காணாது விட்டனர் என்பதை ஆராய்வது பயனுடையதாகும்.

முதலில் நடுத்தர வில்லை என்பது யாது என அறிதல் வேண்டும். வில்லையொன்றின் குவியத் தூரம் படம் விழும் தட்டின் மூலைவிட்டத்துக்கு ஏறக்குறையச் சமமாயிருந்தால், அது நடுத்தர வில்லை எனப்படும். அதனிலும் குறைந்தால் அகன்ற பார்வையுடைய வில்லை; அதனிலும் கூடினால் நெடும் பார்வையுடைய வில்லை. இந்த அளவு எவரோ தம் விருப்பப்படி வகுத்ததன்று. பத்து அங்குல நீளமும் எட்டு அங்குல அகலமும் உள்ள படமொன்றைக் கையிலெடுப்பவர் அதனைச் சுமார் ஓரடி தூரத்திற் பிடித்து நோக்குவது வழக்கம். அப்படத்தின் மூலைவிட்டமும் ஏறக்குறைய 13 அங்குலமே. நடுத்தர வில்லையால் எடுத்த படத்தை இவ்வாறு நோக்கும்போது, கமரா நின்ற இடத்தில் நின்று கண் கண்ட காட்சியும் படத்திற் காணும் காட்சியும் ஒத்து நிற்கின்றன. அகன்ற வில்லையின் படத்தில் தூரங்கள் நீண்டு தோன்றும். நெடும் வில்லையின் படத்தில் அவை சுருங்கித் தோன்றும். சரிவும் உயரமும் தூரமுமே வாழ்வாய் அமைந்த ஒரு நாட்டில் இவ்வேறுபாடு சிறிய விடயமன்று.

நிழற்படக்கலை 1839 ஆம் ஆண்டிற் பாரிசு நகரில் உலகறிய வெளியிடப்பட்டது. தாகேர் என்பவரின் கருவிகளுக்குச் சார்ள்ஸ் செவாலியே செய்து கொடுத்த வில்லை நிலக்காட்சிக்கு ஏற்றதாயினும், அதனூடாகப் புகுந்த ஒளி மிகச் சொற்பம். மனித முகத்தைப் படமாக்குவதற்கு ஒருவர் பல நிமிடம் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இக்குறையை நீக்குமுகமாக 1840 இல் வியன்னா நகரத்துக் கணித ஆசிரியரான யோசப் பெற்ஸ்வால் புதிய வில்லையொன்றைக் கணக்கிட்டு அமைத்தார். அது பழைய வில்லையிலும் ஏறக்குறையப் பதினாறு மடங்கு ஒளியை உள்ளே விட்டது. ஆனால் அதன் கூர்மை நடுப்பகுதியில் மட்டுமே நின்றது, ஓரங்கள் கலங்கின. முகத்துக்கு அது போதும், மலைக்குப் போதாது. இங்ஙனம் தொடக்கத்திலேயே நிலத்துக்கு ஒரு வில்லையும் மனிதருக்கு வேறொரு வில்லையுமாகக் கலை இரு கிளைப்பட்டது. பின்னர் மலைநாட்டுப் படங்கள் இரு வகையாகப் பிரிந்தமைக்கு வித்து இங்கேயே விழுந்தது எனலாம்.

1851 இல் இங்கிலாந்தில் பிரெடெரிக் ஸ்கொட் ஆர்ச்சர் ஈரத் தட்டு முறையை வெளியிட்டார். கண்ணாடித் தட்டில் கொலோடியன் என்னும் பசைநீரைப் பூசி, அது உலருமுன்னரே படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். ஆகவே மலையேறிய நிழற்படக்காரர் கமராவை மட்டுமன்றி இருட்டறைக் கூடாரத்தையும் இரசாயனப் புட்டிகளையும் கண்ணாடித் தட்டுகளையும் உடன் கொண்டு செல்ல நேர்ந்தது. இலங்கையில் 1852 அளவில் பிரெடெரிக் பீபிக் என்பவர் எடுத்து வண்ணந்தீட்டிய படங்கள் இன்றும் உள்ளன. 1870, 1871 ஆம் ஆண்டுகளில் ஜோசப் லோட்டன் அநுராதபுரம், பொலனறுவை முதலிய பழம்பதிகளைப் படமாக்கினார். கொழும்பில் ஸ்கீன் கம்பெனியும், கண்டியில் சார்ள்ஸ் ஸ்கோவனும் 1870களில் நிழற்பட நிலையங்களை நடத்தி, பிரயாணிகளுக்கும் தோட்டத் துரைமாருக்கும் படங்களை விற்றனர்.

அக்காலம் மலைநாட்டின் வரலாற்றில் ஒரு திருப்பக் காலமாகும். 1867 இல் கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கர் நிலத்திற் தேயிலையைப் பயிரிட்டார். 1869 இற் கோப்பி இலைகளிற் கண்ட துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிப் பயிரை அழித்தது. புகையிரதப் பாதை 1884 இல் அட்டனையும் 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. காடழிந்த சரிவுகளிற் தேயிலை நிரை நிரையாய் எழுந்தது. தென்னிந்தியாவிலிருந்து கங்காணிமாருடன் வந்த தமிழ்த் தொழிலாளர் காட்டை வெட்டினர், பாதை அமைத்தனர், கொழுந்து கொய்தனர். இம்மாற்றம் முழுவதும் கமராவின் கண்முன்னரே நிகழ்ந்தது.

ஆயினும் அக்காலத்து வில்லை அதனை எவ்வாறு கண்டது? நிலக்காட்சி வில்லையைக் கூர்மைக்காகச் சிறு துவாரமாக்கிப் பயன்படுத்தினர். ஒளி குறைந்தமையால் தட்டைப் பல கணங்கள் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அசைந்தவர் உருவம் கலைந்து போயிற்று. எனவே படம் பிடிக்குமுன் வேலையை நிறுத்தி, தொழிலாளரை அசையாது நிற்கச் செய்தனர். இன்று அரும்பொருட்சாலைகளில் உள்ள பழைய கோப்பி, தேயிலைத் தோட்டப் படங்களில் மக்கள் நிரையாக நின்று கமராவையே நோக்குவதற்கு இது ஒரு காரணம். கொழுந்து கொய்யும் கை எத்துணை விரைவுடையது என்பதை அப்படங்கள் கூறமாட்டா. மறுபுறத்தில், நிலையத்துக்குள் வரவழைத்து எடுத்த முகப்படங்கள் தமிழ்ப் பெண், சிங்கள மனிதன் என்றவாறு இனப்பெயர் மட்டுமே குறிக்கப்பெற்று விற்பனையாயின. ஆளின் பெயர் எழுதப்படவில்லை. அவ்வாள் எந்த மலையில் வேலை செய்தார் என்பதும் எழுதப்படவில்லை.

இவ்வரலாற்றில் தனித்து நிற்பவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். 1815 இற் கல்கத்தாவிற் பிறந்த இவர், 1863 ஆம் ஆண்டின் இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் அளித்த பரிசாக ஒரு கமராவைப் பெற்றார். அதிற் பொருத்தியிருந்தது பிரான்சு நாட்டிற் செய்த ஜாமென் வில்லை. அது பெற்ஸ்வால் வகுத்த முறையைத் தழுவியது. சில ஆண்டுகளிற் பதினைந்து அங்குலத்துக்குப் பன்னிரண்டு அங்குலம் அளவுள்ள தட்டுகளை ஏற்கும் பெரிய கமராவுக்கு அவர் மாறினார். அதற்கு இலண்டன் தால்மேயர் நிறுவனத்தின் 30 அங்குலக் குவியத் தூரமுள்ள வில்லையைத் தெரிந்தார். அத்தட்டின் மூலைவிட்டம் ஏறக்குறைய 19 அங்குலம். ஆகவே அவர் தெரிந்தது நடுத்தர வில்லையன்று. அதிலும் ஒன்றரை மடங்கு நீண்டது. முகத்தைத் தட்டு நிறையப் பெரிதாகக் கொண்டுவந்து, பின்னணியை மங்கவிட்டு, ஆளின் உள்ளத்தை வெளிக்கொணர விழைந்தவருக்கு அது ஏற்ற தெரிவே. டார்வின், டெனிசன் முதலியோரின் முகங்கள் இன்றும் உயிருடன் தோன்றுவதற்கு அவரது துணிவும் அவ்வில்லையும் காரணமாயின.

அம்மையாரின் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன். கோல்புறூக் கமரன் ஆணைக்குழுவில் இடம் பெற்று, இலங்கையின் நீதித்துறைச் சீர்திருத்தத்துக்கு வழிவகுத்தவர் அவரே. மலைநாட்டில் அவருக்குக் காணிகள் இருந்தன. 1875 இல் இருவரும் இலங்கைக்கு வந்து பெரும்பாலும் களுத்துறையில் வசித்தனர். ஓவியரான மரியான் நோர்த் 1877 இல் அங்கு விருந்தினராக வந்தபோது அம்மையார் அவரைப் படமெடுத்தார். இலங்கையில் அவர் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. கிராம மக்களும் தொழிலாளரும் அவற்றில் இடம் பெற்றனர். இங்கிலாந்தின் அறிஞர்களுக்குக் கொடுத்த அதே கவனத்தை அவர் இம்மக்களுக்கும் கொடுத்தார் என்பது அப்படங்களின் சிறப்பு. எனினும் அறிஞர் படங்களின் கீழே பெயர் இருந்தது. இவர்களின் படங்களிற் பெரும்பாலானவற்றில் அது இல்லை.

1879 ஜனவரி 26 ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெயர்ன் தோட்டத்தில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலய வளவில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். மறு ஆண்டிற் கணவரும் அவர் பக்கத்தில் அடக்கமானார். அட்டனிலிருந்து அவ்வழியே செல்பவர் இருபுறமும் தேயிலை மலைகளைக் காண்பர். உலகப் புகழ் பெற்ற நிழற்படக் கலைஞர் ஒருவர் அம்மலைகளினிடையே துயில்கின்றார். ஆனால் அவர் தேர்ந்த நெடும் வில்லை முகத்துக்கே உரியது. மனிதரையும் மலையையும் சேர்த்து நோக்குவது அதன் இயல்பன்று.

முகத்துக்கும் நிலத்துக்கும் பொதுவான வில்லை தோன்றியது 1866 இல். இலண்டனில் தால்மேயரும் ஜேர்மனியில் ஸ்ரைன்ஹைலும் ஒருவரையொருவர் அறியாமலே, ஒத்த இரு பகுதிகளைத் துவாரத்தின் இருபுறமும் எதிரெதிராக அமைத்து, நேர்கோடுகளை வளையாது காட்டும் வில்லையைச் செய்தனர். 1890 இற் சைஸ் நிறுவனத்தைச் சேர்ந்த போல் றுடோல்வ் ஓரங்களிலும் கூர்மை கெடாத புதிய வில்லையை ஆக்கினார். 1902 இல் அவரே டெசார் வில்லையையும் ஆக்கினார். ஈரத் தட்டுக்குப் பதிலாக உலர் தட்டும் வந்தமையால் இருட்டறைக் கூடாரத்தைச் சுமக்கும் தொல்லை ஒழிந்தது. 1890 இற் கொழும்பிற் தொடங்கிய பிளாற்றே நிலையம் மலைநாட்டு அஞ்சலட்டைகளைப் பெருந்தொகையாக வெளியிட்டது. ஆயினும் கருவி மாறிய வேகத்தில் வழக்கம் மாறவில்லை. அஞ்சலட்டை வாங்குவோர் விரும்பியவை அகன்ற பள்ளத்தாக்கும் அழகிய முகமுமே. புதிய வில்லையைக் கொண்டும் பழைய படங்களே எடுக்கப்பட்டன.

இருபதாம் நூற்றாண்டிற் கமரா கையடக்கமாயிற்று. 1901 இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் வெளியிட்ட 120 ஆம் இலக்கப் படச்சுருள் இன்றும் வழக்கில் உள்ளது. 1934 இற் பசில் றைற் இயக்கிய இலங்கை பற்றிய விவரணப் படத்துக்குத் தேயிலைப் பிரசார சபை பொருளுதவி செய்தது; கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ற் அதற்கு உரை வாசித்தார். 1900 இற் பிறந்து 1944 இல் மறைந்த வென்ற், கையடக்கக் கமராக்களைக் கொண்டு இந்நாட்டு மக்களை அவர்தம் சூழலிலேயே கண்ட கலைஞர். 1938 இல் அவரது படங்கள் இலண்டனிற் தனிக் காட்சியாக வைக்கப்பட்டன. நிற்கும் இடத்தை விரைவாக மாற்றவும், அசையும் மனிதரை அசையும்போதே பிடிக்கவும் கையடக்கக் கமரா இடங்கொடுத்தது.

ஆனால் மலைச்சரிவுக்கும் கட்டடத்துக்கும் கையடக்கக் கமரா முழுவதும் போதாது. அதற்குரிய கருவி தொழில்நுட்பக் கமரா. மியூனிக் நகரில் 1887 இற் தொடங்கிய லின்ஹோவ் நிறுவனம் 1930களிலிருந்து இவ்வகைக் கமராவாற் புகழ்பெற்றது. வில்லை பொருத்திய முன்பலகையும் படச்சுருள் இருக்கும் பின்பகுதியும் ஒரு துருத்தியால் இணைக்கப்பட்டிருக்கும். முன்பலகையை உயர்த்தலாம், பக்கமாக நகர்த்தலாம், சாய்க்கலாம். 120 ஆம் இலக்கச் சுருளில் ஆறுக்கு ஒன்பது சென்ரிமீற்றர் எனப்படும் அளவிற் படமெடுக்கும் சிறிய வகையை முதுகிற் சுமந்தே மலையேறலாம். அப்படத்தின் உண்மையளவு சுமார் 56 க்கு 84 மில்லிமீற்றர். மூலைவிட்டம் 101 மில்லிமீற்றர். எனவே 100 அல்லது 105 மில்லிமீற்றர் வில்லையே அதற்கு நடுத்தர வில்லை. அதனுடன் அகன்ற பார்வைக்கு 65, நெடும் பார்வைக்கு 180 என மூன்றும் சேர்ந்து ஒரு தொகுதியாக விற்கப்பட்டன.

நடுத்தர வில்லைகள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. இங்கேதான் தெரிவின் நுட்பம் உள்ளது. டெசார் வகையைச் சேர்ந்த 105 மில்லிமீற்றர் வில்லை சிறியது, ஒளி மிக்கது, விலை குறைந்தது. அது சுமார் 60 பாகை அளவே கூர்மையாகக் காட்டும். சிம்மார் முதலிய மற்றொரு வகை சற்று மந்தமானது, பாரமானது. ஆனால் துவாரத்தைச் சிறிதாக்கும்போது 70 பாகை வரை காட்டும். படச்சுருளின் நேர் நடுவில் வில்லையை வைத்து எடுப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றே. முன்பலகையை உயர்த்துபவருக்கு அவை ஒன்றல்ல.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையை எடுத்துக் கொள்வோம். கொழுந்தை வாட்டுவதற்கு மேல்தளங்கள் வேண்டியிருப்பதால் பழைய தொழிற்சாலைகள் பல மாடிகளுடன் உயர்ந்து நிற்கின்றன. மலைப்பாதையில் நின்று படமெடுப்பவர் நூறடிக்கு மேற் பின்வாங்க முடியாது, பின்னாற் பள்ளம். கமராவை மேல்நோக்கிச் சாய்த்தாற் கட்டடம் பின்புறம் சரிந்து விழுவது போலத் தோன்றும். நேராக வைத்தால் 105 மில்லிமீற்றர் வில்லையில் நிலத்திலிருந்து ஏறக்குறைய 32 அடி உயரமே படத்துள் வரும். அப்பொழுது முன்பலகையை உயர்த்த வேண்டும். 60 பாகை காட்டும் வில்லையை ஏறக்குறைய 15 மில்லிமீற்றர் உயர்த்தலாம். மேலும் 15 அடி கிடைக்கும். 70 பாகை காட்டும் வில்லையை 32 மில்லிமீற்றர் உயர்த்தலாம். மேலும் 30 அடி கிடைக்கும். முதலாவதில் 47 அடி, இரண்டாவதில் 62 அடி. ஐம்பதடி உயர்ந்த கூரை ஒன்றில் அறுபடும், மற்றொன்றில் முழுமையாய் நிற்கும். ஆகவே தொழில்நுட்பக் கமராவுக்கு வில்லை வாங்குபவர் அதன் மேல் எழுதிய குவியத் தூரத்தை மட்டும் பார்த்தல் போதாது. அது விரிக்கும் படவட்டம் எத்துணை என்பதையும் அறிய வேண்டும்.

சரிவான தேயிலை மலைக்கு வேறொரு நுட்பம் உதவுகிறது. ஒஸ்திரியப் படையதிகாரியான தியோடோர் ஷைம்ப்ளூக் வானிலிருந்து எடுத்த படங்களைத் திருத்தி வரைபடமாக்க முயன்றபோது ஒரு விதியைப் பயன்படுத்தினார். அதற்கான அவரது உரிமைப் பத்திரம் 1904 ஆம் ஆண்டுக்குரியது. காட்சியின் தளம், வில்லையின் தளம், படத்தின் தளம் ஆகிய மூன்றும் ஒரே கோட்டிற் சந்திக்குமாயின் அக்காட்சித் தளம் முழுவதும் கூர்மையாகும் என்பதே அவ்விதி. காலடியிலுள்ள தேயிலைச் செடி முதல் உச்சியிலுள்ள செடி வரை ஒரே சரிவுத் தளமாக அமைந்த மலைக்கு இது மிகப் பொருந்தும். சாய்க்காமல் எடுத்தால் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்க வேண்டியிருக்கும். மேகமூடிய பகலில், நடுத்தர வேகச் சுருளில், ஒரு செக்கனிற் பதினைந்தில் ஒரு பங்கு திறந்து வைக்க நேரும். முன்பலகையைச் சாய்த்தால் எஃப் 11 போதும். அறுபதில் ஒரு பங்கிலேயே படம் முடியும். கொழுந்து பறிப்பவரை வேலை நிறுத்தி நிற்கச் சொல்ல வேண்டிய தேவை குறைகிறது. நூறாண்டுகளுக்கு முன் ஈரத் தட்டுக்காரரால் இயலாத செயல் இது.

இதிலும் ஒரு வரையறை உண்டு. இவ்வாறு சாய்த்துப் பெறும் கூர்மை ஆப்பு வடிவானது. கமராவுக்கு அருகே மெலிந்தும் தூரத்தே தடித்தும் இருக்கும். மிக அருகில் நிற்கும் பெண்ணின் தலை அச்சரிவுத் தளத்துக்கு மேலே உயர்ந்து நிற்பதால் மங்கிவிடும். சற்றுத் தள்ளி, இருபது முப்பதடி தூரத்தில் நிற்பவர் முழுவதும் அதனுள் அடங்குவர். அத்தூரத்தில் நடுத்தர வில்லையூடு நோக்கினால், ஒருவரின் முகக்குறியை இனங்காணலாம். அவர் ஏறி வந்த சரிவையும் காணலாம். நெடும் வில்லையைக் கொண்டு எதிர்மலையிலிருந்து எடுத்தால் தேயிலை நிரைகள் ஒன்றின்மேலொன்று அடுக்கிய கம்பளம் போலாகும்; அழகு மிகும், ஏறும் தூரம் மறையும். அகன்ற வில்லையில் முன்னுள்ள செடி பெருத்து, பின்னுள்ள மலை சிறுத்து, செங்குத்தான சரிவு மேடு போலாகும். இருபது கிலோ கொழுந்தைச் சுமந்து நிறுக்கும் இடத்துக்குச் செல்பவரின் உழைப்பை அறிய விரும்புபவருக்கு இவ்விரண்டும் முழுமையான சாட்சியாகா.

இவ்வேறுபாடு மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் லயன் அறை. தோட்டத்து மக்கள் காம்பரா என வழங்கும் பழைய அறைகள் பெரும்பாலும் பத்தடி அகலமும் பன்னிரண்டடி நீளமும் கொண்டவை. வாசலில் நின்று நடுத்தர வில்லையால் நோக்கினால் எதிர்ச் சுவரில் ஒன்பதரை அடி அகலமே தெரியும். பக்கச் சுவர்கள் தெரியா. அகன்ற வில்லை பக்கச் சுவர்களையும் காட்டும். ஆனால் அதனோடு அறையை நீட்டியும் காட்டும். ஒரு குடும்பம் நெருங்கி வாழும் இடம் கூடம் போலத் தோன்றும். வீட்டு வசதி பற்றிய அறிக்கையில் அப்படத்தைக் காண்பவர் குறையொன்றும் இல்லையென எண்ணக் கூடும். படம் பொய் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்து தெரிந்ததையே காட்டியது. ஆயினும் காண்பவர் பெறும் எண்ணம் பிழையாகிறது. ஆகவே அறைக்குள் அகன்ற வில்லை தவிர்க்க முடியாதபோது, ஆளொருவரை எதிர்ச் சுவரருகே நிறுத்தி அளவு காட்டுவதும், வெளியே நின்று திறந்த கதவினூடு நடுத்தர வில்லையால் மற்றொரு படம் எடுத்து இரண்டையும் சேர்த்து வைப்பதும் நேர்மையான முறையாகும்.

மலைநாட்டின் காலநிலையும் தெரிவிற் குறுக்கிடுகிறது. தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியாப் பகுதிகளில் மே மாதம் முதற் பல மாதம் பெய்யும். பிற்பகலிற் பனிமூட்டம் பள்ளத்தாக்கை மூடும். தூரத்திலிருந்து எடுப்பவருக்கும் பொருளுக்கும் இடையே மூட்டம் அதிகம். அருகிருந்து எடுப்பவருக்குக் குறைவு. பழைய பூச்சற்ற வில்லைகளிற் காற்றைத் தொடும் ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் நூற்றுக்கு நாலைந்து பங்கு ஒளியைத் திருப்பி அனுப்பும். எட்டுப் பரப்புடைய வில்லையில் மூன்றிலொரு பங்கு ஒளி வீணாவதுடன் வெண்மூட்டத்திற் படமும் வெளிறும். 1935 இற் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்ட மெல்லிய பூச்சு இக்குறையை வெகுவாக நீக்கியது. எனவே பழைய வில்லையை வாங்குபவர் பூச்சுள்ளதைத் தேர்தல் நன்று. ஈரக்காற்றிற் கண்ணாடியிற் பூஞ்சணம் படரும். தோலுறையிற் பூட்டி வைத்த வில்லை விரைவிற் கெடும். உலர்த்தும் மணிகளுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைத்தல் வேண்டும்.

இவையெல்லாம் வெறும் கருவிச் செய்திகளாகத் தோன்றலாம். மலைநாட்டுத் தமிழரைப் பொறுத்தவரை இதில் ஒரு பெரிய விடயம் அடங்கியுள்ளது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. அக்காலத்துக் கடவுச்சீட்டுகளுக்காக எடுக்கப்பட்ட படங்களில் முகம் மட்டுமே உண்டு, பின்னால் வெறுந்திரை. மலையைக் காட்டிய படங்களில் ஆளின் பெயர் இல்லை. ஆளின் பெயருள்ள படங்களில் மலை இல்லை. இந்த மலையிற் பிறந்து இந்த மலையில் உழைத்தோம் என்று கூற விரும்பிய மக்களுக்கு, தம்மையும் மலையையும் ஒருங்கே காட்டும் படம் கையில் இருப்பது அரிதாயிற்று. இரு நாடுகளாகப் பிரிந்த குடும்பங்கள் பலவற்றில் நினைவுக்கு எஞ்சியது நிலையத்திலெடுத்த ஒற்றைப் படமே.

2023 ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாண்டு நினைவு கொண்டாடப்பட்டது. இன்று தொழில்நுட்பக் கமராவிற் படச்சுருளுக்குப் பதிலாக எண்முறைக் கருவியைப் பொருத்துவோர் பலர். அதன் அளவு 54 க்கு 40 மில்லிமீற்றராயின் மூலைவிட்டம் 67. எனவே 70 மில்லிமீற்றர் அளவிலான வில்லை அதற்கு நடுத்தரம். கணக்கு மாறவில்லை, எண் மட்டுமே மாறியது. இதனிலும் பரவலாக, தோட்டத்து இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் கமராவுள்ள தொலைபேசி உண்டு. அதன் முதன்மை வில்லை பெரும்பாலும் அகன்ற பார்வையுடையது. அதனால் எடுக்கும் லயன் அறை உள்ளதிலும் பெரிதாகத் தோன்றும். செங்குத்தான மலை உள்ளதிலும் தாழ்ந்து தோன்றும். இதனை அறிந்தவர் சிறிது பின்வாங்கி நின்று, பார்வையைச் சற்று ஒடுக்கி எடுத்தாற் போதும். நடுத்தர வில்லையின் பயனிற் பெரும் பகுதி கிட்டும்.

பெருங்கருவியாயினும் சிறுகருவியாயினும் செய்ய வேண்டியது ஒன்றே. எடுக்கப்படுபவரின் முகம் தெரியுமளவு அருகேயும், அவர் நிற்கும் மலை தெரியுமளவு தூரத்தேயும் ஓரிடத்தைத் தேடி நிற்றல் வேண்டும். அவ்விடத்துக்குப் பொருந்தும் வில்லையே ஏற்ற வில்லை. படத்தின் பின்புறத்தில் அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் நாளையும் எழுதி வைத்தால், ஸ்கோவனும் ஸ்கீனும் எழுதாது விட்ட பகுதியை இன்றைய தலைமுறை எழுதியதாகும்.